வேர்வை வராத ஊரில் ஒரு நெஞ்சு பெல்ட்

கோயம்புத்தூரில் ஒரு ஏப்ரல் மதியம். நெஞ்சில் நான் கட்டியிருந்த துணி பெல்ட்டிலிருந்து திரையில் ஓடிய ஈசிஜி கோடு பாடப்புத்தகத்தில் அச்சடித்தது போல இருந்தது. அன்று லேபில் ஏசி ஓடவில்லை. சுடிதார் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கைடு சார் எட்டிப் பார்த்துவிட்டு, "இதை இப்படியே ஃபீல்டுக்கு எடுத்துட்டுப் போயிரலாம்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தேதி, நேரம், பெல்ட்டின் எண், இதயத்துடிப்பு என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். ஏசி பழுது என்பதை மட்டும் எழுதவில்லை. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் எனக்கு ஒன்பது மாதமும் 1,44,000 ரூபாயில் பெரும்பகுதியும் மிஞ்சியிருக்கும். துணி சென்சாரை எடுத்துக்கொண்டு மலைக்கோ வேறு குளிர்ந்த ஊருக்கோ கிளம்பும் அடுத்தவருக்காவது இது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் கோத்தகிரிப் பக்கம் அரவேணுக்காரி. கோவையில் ஒரு கல்லூரியில் பயோமெடிக்கல் துறையில் ஆராய்ச்சி மாணவி. இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் அம்மா. அம்மாவுக்கு மூன்று வருடமாகப் படபடப்பு உண்டு. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும். கோழிக்குஞ்சைக் கைக்குள் பிடித்த மாதிரி நெஞ்சு ஐந்து நிமிடம் துடிக்கும், அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈசிஜி 10 விநாடிதான் பதிவு செய்கிறது. ஹோல்ட்டர் என்று ஒரு பெட்டியை 24 மணி நேரம் கட்டிவிடுவார்கள். அம்மாவுக்கு இரண்டு தடவை கட்டினோம், இரண்டு தடவையும் இதயம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. சந்தை நாளில் மட்டும் வரும் பஸ்ஸுக்கு மற்ற நாளில் போய்க் காத்திருந்த கதைதான். வாரக்கணக்கில் கட்டிவைக்கலாம் என்றால், அதன் வயர்களை நெஞ்சில் ஒட்டிவைக்கும் ஜெல் ஒட்டு மூன்று நாளில் தோலை அரிக்க ஆரம்பித்துவிடுகிறது. அதனால்தான் துணியிலேயே சென்சார். உள்ளாடை மாதிரி போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கலாம், கழற்றலாம், துவைக்கலாம், மறுபடி போடலாம். நார்மன் ஹோல்ட்டர் என்ற அமெரிக்கர் முதலில் செய்த கருவி முதுகில் சுமக்கிற மூட்டையாம், சுமார் 38 கிலோ. கொழுந்து மூட்டை தூக்கிப் பழகிய எங்கள் ஊர்ப் பெண்களே அதைப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார்கள். அங்கிருந்து துணி வரைக்கும் வந்திருக்கிறோம், மீதியை நான் முடித்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெள்ளி முலாம் பூசிய நைலான் நூலை எலாஸ்டிக் பட்டையோடு சேர்த்துப் பின்னி, நெஞ்சின் இரண்டு பக்கமும் தீப்பெட்டி அளவில் இரண்டு எலக்ட்ரோடு, அதாவது தோலிலிருந்து இதயத்தின் மின்சாரத்தை எடுக்கும் பட்டைகள். பின்னால் பிரஸ் பட்டன், அதில் மாட்டுகிற சின்னப் பதிவுப் பெட்டி. பின்னல் வேலை திருப்பூரில் நடந்தது. நூல் விற்றவர் குறைந்தபட்சம் இவ்வளவு எடுத்தால்தான் தருவேன் என்று நின்றார். எனக்குத் தேவைப்பட்டதைப் போல எட்டு மடங்கு. நூலுக்கும் பின்னலுக்கும் 42,000 போனது. பெட்டிகள் ஆறு, ஒன்று 7,000 வீதம் இன்னொரு 42,000. மீதிக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஒப்பிட்டுப் பார்க்க ஹோல்ட்டர் வாடகை நாளுக்கு 700 வீதம் 30 நாள், பதிவுகளைப் படித்த டாக்டருக்கு 15,000, பஸ், கூரியர் என்று 9,000, ஜெல் ஒட்டுகள் 3,600, அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி பில் 11,400. அந்தப் பில்லின் கதை பின்னால் வருகிறது. கல்லூரி கொடுத்தது 50,000. மிச்சம் என் உதவித்தொகையிலிருந்தும் அம்மாவின் சீட்டுப் பணத்திலிருந்தும். இப்போது யாராவது கேட்டால், நூலை வாங்குவதற்கு முன் கோவையிலேயே இருக்கும் சிட்ராவில் போய் நில்லுங்கள் என்பேன். 1956-ல் தொடங்கிய நெசவு ஆராய்ச்சி நிறுவனம் அது. மருத்துவத் துணிகளுக்கென்றே தனி மையம் வைத்திருக்கிறார்கள். நான் பஸ்ஸில் பத்துத் தடவை அந்தப் பக்கமாகப் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட இறங்கவில்லை.

மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கு ஐந்து மாதம் ஆனது. அது வீண் என்று அப்போது புலம்பினேன். ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகக் கேட்டார்கள். படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் தரும்போது பக்கத்தில் நிற்கும் சாட்சி யார், படிவம் தமிழில் இருக்கிறதா, அந்தத் தமிழ் புரிகிற தமிழா. குழுவில் இருந்த ஒரு அம்மா, "யாருக்காவது நிஜமாவே கோளாறு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். 'அருகிலுள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படும்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். எந்த மருத்துவமனை, யார் அழைத்துப் போவது, எத்தனை நாளுக்குள், செலவு யாருடையது, ஒன்றும் அதில் இல்லை. குழு ஏற்றுக்கொண்டது. நானும் அதை மறந்துவிட்டேன்.

ஜனவரி முதல் வாரம் பெல்ட்டுகளோடு ஊருக்கு வந்தேன். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர், கோவை நானூறு சொச்சம். எங்கள் பக்கம் மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் வந்துபோய்விடும். தை பிறக்கும் சமயத்தில் காற்று காய்ந்து, உதடு வெடித்து, கையில் கோடு கிழித்தால் வெள்ளையாகத் தெரியும். முதல் நாள் காலை ஆறரைக்கு அம்மாவுக்குப் பெல்ட் கட்டிவிட்டுத் திரையைப் பார்த்தேன். ஈசிஜி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி தடித்த கறுப்புக் கோடு. பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி. எல்லாம் அதே. தோலுக்கும் துணிக்கும் இடையிலான மின்தடையை அளந்து பார்த்தேன். லேபில் 150 கிலோ ஓம் காட்டிய அதே பெல்ட் இங்கே 1.4 மெகா ஓம், ஏறக்குறைய பத்து மடங்கு. தோலின் மேல் கிடைக்கிற இதயத்தின் மின்சாரமே ஒரு மில்லிவோல்ட் அளவுதான். அது இந்தத் தடையைத் தாண்டி வருவதற்குள் வீட்டு வயரிங்கில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் உள்ளே புகுந்துவிடுகிறது. இரண்டு எலக்ட்ரோடும் ஒரே மாதிரி ஒட்டியிருந்தால் பெட்டி அதைக் கழித்துவிடும். ஒன்று நன்றாகவும் மற்றது அரைகுறையாகவும் ஒட்டியிருந்தால் கழிக்க முடியாது. அம்மா காலடியில் ரூம் ஹீட்டர் வேறு. அதை ஆறடி தள்ளி வைத்ததும் கறுப்புக் கோடு பாதியாக இளைத்தது. மீதிப் பாதி அம்மாவின் நடுக்கம். குளிரில் நடுங்கும் தசையும் மின்சாரம் விடும். ஈசிஜியில் இதயத்தின் மேல் அறைகளைக் காட்டும், சின்னதாக வரும் பி அலை அதில் முழுசாக மூழ்கிப்போகும்.

நான் செய்த தவறு, இதையெல்லாம் தனித்தனி எதிரிகளாகப் பார்த்தது. கரண்ட் இரைச்சலை வடிகட்ட புரோகிராமில் ஒரு ஃபில்டர், நடுக்கத்துக்கு ஒரு ஃபில்டர், அசைவுக்கு இன்னொன்று. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து புரோகிராம் எழுதினேன். கோடு அழகானது. அழகானது என்பதற்காக நம்பவும் ஆரம்பித்துவிட்டேன்.

தன்னார்வலர்கள் பன்னிரண்டு பேர். ஏழு பேர் கொழுந்து பறிக்கும் பெண்கள், மற்றவர்கள் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களும். முதல் நாளே ஒரு பாட்டி பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைப் பாடிக்கு மேல கட்டட்டுமா, கீழ கட்டட்டுமா கண்ணு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நானும் பெண்தான், ஆனால் வரைபடத்தில் வரைந்தது ஆண் உடம்பு. பெல்ட் உட்கார வேண்டிய இடத்திலேயே உள்ளாடையின் பட்டையும் உட்காருகிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளி, குனிந்து நிமிர்ந்தால் என் பெல்ட் மேலே சுருண்டுவிடும். கோத்தகிரி பஜாரில் ஒரு டெய்லர் அண்ணன்தான் வழி சொன்னார். பெல்ட்டின் மேல் விளிம்பில் மூன்று சின்ன கொக்கிகள் தைத்து உள்ளாடையோடு மாட்டிவிடச் சொன்னார். ஒன்றுக்கு 40 ரூபாய். இந்த ஆராய்ச்சியில் நான் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான். எடுத்தவுடன் இன்ஜினியரிடம் போகாதீர்கள், முதலில் ஒரு டெய்லரிடம் போங்கள். கட்டும் இறுக்கத்துக்கும் எங்களுக்கு ஒரு கணக்கு கிடைத்தது. சாப்பிட்ட பிறகு பெல்ட்டுக்குள் இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் கட்டிப் பார்த்து இறுக்கத்தை முடிவு செய்தால் பத்து மணிக்கு அவர்களே தளர்த்திவிடுவார்கள், உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

துவைக்கிற விஷயம் தனிக்கதை. ஐஎஸ்ஓ 6330 என்று வீட்டுச் சலவைக்கான சோதனை முறை இருக்கிறது, திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். அதன்படி மெஷினில் இருபது தடவை போட்டும் பெல்ட் தாங்கியது. எங்கள் ஊரில் துவைப்பது கல்லில். "ரெண்டு நாள் போட்டா நாறாதா?" என்று ஒரு அக்கா பார் சோப்பு போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, கல்லில் நாலு அடி அடித்து, அடுப்புக்கு மேலே கொடியில் காயப்போட்டுவிட்டார். பத்து சென்டிமீட்டருக்கு 3 ஓம் இருந்த துணி, அப்புறம் மீட்டரில் எண்ணே காட்டவில்லை. அவர் மேல் என்ன தப்பு, துணி என்று சொல்லித்தானே கொடுத்தேன். ப்ளீச்சிங், துணியை மெத்தென்று ஆக்க ஊற்றும் திரவம் இரண்டும் கூடாது என்று சொல்லியிருந்தேன். முன்னது வெள்ளியைத் தின்னும், பின்னது நூலின் மேல் படலமாகப் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் அவர்கள் வீட்டில் அந்த இரண்டுமே கிடையாது. இல்லாததை எச்சரித்துவிட்டு இருப்பதை விட்டுவிட்டேன். பெல்ட் கொடுப்பதற்கு முன் அந்த வீட்டில் எப்படித் துவைக்கிறார்கள் என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். அதற்கப்புறம் ஆளுக்கு இரண்டு பெல்ட் கொடுத்து, துவைக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த 11,400 ரூபாய். ஜனவரி கடைசி. கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா, நாற்பத்தைந்து வயது இருக்கும். ராத்திரி ஒன்பதரை மணிக்குப் படுக்கப் போகும்போது ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றியிருக்கிறார். காய்ந்த காற்றில் செயற்கைக் கம்பளியை உரித்தால் படபடவென்று பொரியும், இருட்டில் பொறிகூடத் தெரியும். அந்த நிலைமின்சாரம் பெல்ட்டில் ஏறி, வரிசையாக எட்டுப் பத்து அகலமான முள்ளாகப் பதிவானது. என் புரோகிராம் அதைக் கீழ் இதய அறையிலிருந்து கிளம்பும் ஆபத்தான வேகத்துடிப்பு என்று முடிவு கட்டி, போன் திரையைச் சிவப்பாக்கி அலாரம் அடித்தது. லேபில் சோதிப்பதற்காக வைத்த அலாரம் அது, அணைக்க மறந்திருந்தேன். அவர் மகன் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, டாக்ஸி பிடித்து அம்மாவை நேராகக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்விட்டான். ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை, ஒரு ராத்திரி படுக்கை. காலையில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பணத்தை நான் கொடுத்தபோது, "பரவால்ல தங்கம், உன் மேல என்ன இருக்கு" என்றுதான் சொன்னார். ஆனால் அப்புறம் இரண்டு வாரம் அவர் தூங்கவில்லை. கொழுந்து பறிக்கும்போதே நடுவில் நின்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொள்வார் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பணத்தை என்னால் கொடுக்க முடிந்தது, அந்தப் பயத்தை எடுக்க முடியவில்லை. சோதனைக் கட்டத்தில் போன் திரையில் எதுவுமே தெரியக்கூடாது, 'பதிவாகிறது' என்ற ஒரு வார்த்தையைத் தவிர. படிவத்தில் கையெழுத்துப் போட்டவரிடம் மட்டுமில்லாமல் அவர் வீட்டில் இருக்கிற எல்லோரிடமும், இது வைத்தியக் கருவி இல்லை, சோதனைதான் என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும். மகனிடம் நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இன்னொரு பொய் அலாரம் வரவே கூடாது என்று முடிவெடுத்தேன். அதுதான் இதைவிடப் பெரிய தவறுக்குக் கொண்டுபோனது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இருக்கும் இடைவெளி, முந்தைய இடைவெளியிலிருந்து இருபது சதவீதத்துக்கு மேல் மாறினால் அதை இரைச்சல் என்று ஒதுக்கும்படி புரோகிராமை மாற்றினேன். துடிப்பு மாறுபாட்டைக் கணக்கிடுகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். மறுநாளிலிருந்து எல்லாம் அமைதி. பிப்ரவரி முழுக்க ஒரு சிவப்புகூட இல்லை. எனக்கு அது வெற்றி போலவே தெரிந்தது.

பக்கத்துத் தெரு மாமா ஒருவர், அறுபத்தேழு வயது, தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பக்கம் வேலை பார்த்தவர். அவருடைய பதிவில் மட்டும் பாதிக்கு மேல் 'தரம் குறைவு' என்று வந்துகொண்டே இருந்தது. நான் அவர் வீட்டுக்குப் போய், "மாமா, பெல்ட்டை லூஸா கட்டுறீங்க, அதான் சரியா வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் பாவம், இறுக்கினார். அடுத்த வாரமும் அதேதான். இன்னும் இறுக்கினார். நெஞ்சில் சிவந்த தடம் விழும் அளவுக்கு இறுக்கிக்கொண்டு, "இப்ப சரியா வருதா பாப்பா?" என்று கேட்டார். வரவில்லை.

பத்தொன்பது நாள் கழித்துப் பதிவுகளைப் படிக்கும் டாக்டரிடம் போனபோது, ஒதுக்கப்பட்ட பகுதியையும் காட்டு என்றார். வேண்டாம் சார், அது குப்பை என்றேன். காட்டு என்றார். திறந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இதை ஏம்மா குப்பையில போட்டே?" என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு துடிப்பின் முள்ளும் சுத்தமாக இருந்தது. இடைவெளிதான் தாறுமாறாக இருந்தது. அந்தத் தாறுமாறுதான் நோய். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடித்துக்கொண்டிருக்கும், கீழே வரும் துடிப்புக்குத் தாளமே இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஈசிஜி பதிவில் 30 விநாடி நீடித்தாலே டாக்டர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள். மாமாவுக்கு மணிக்கணக்கில் இருந்தது. எதைக் கண்டுபிடிக்க இந்த பெல்ட்டைச் செய்தேனோ அதையே தேடிப் பிடித்து வெளியே எறியும்படி என் கையாலேயே புரோகிராம் எழுதியிருக்கிறேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் எடுத்த ஈசிஜியிலேயே தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஆரம்பித்தார்கள். அந்தப் பத்தொன்பது நாளில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம், லூஸாகக் கட்டுகிறீர்கள் என்று நான் சொன்னது காதில் கேட்கும். அன்று யார் அழைத்துப் போவது, எந்த டாக்டர் என்று அரைநாள் போனில் அலைந்தேன். குழுவில் கேட்ட அந்த அம்மா அப்போது நினைவுக்கு வந்தார். இதை நீங்கள் செய்யப்போகிறீர்கள் என்றால், முதல் பெல்ட் கட்டுவதற்கு முன்பே ஒரு டாக்டரின் பெயரும் போன் நம்பரும் பையில் இருக்கட்டும், பதிவுகளை அவர் வாரம் ஒருமுறை பார்க்கட்டும். சிக்னல் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்வதற்குத் தாளத்தைத் தொடவே தொடாதீர்கள். பெல்ட் தோலோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைப் பெட்டியே சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து தனியாக எழுதட்டும், அதை வைத்து முடிவு செய்யுங்கள். மூலப் பதிவில் ஒரு விநாடியைக்கூட அழிக்காதீர்கள். ஒருவருடைய பதிவு மட்டும் மற்றவர்களைவிட அதிகமாகக் கழிகிறதென்றால் பெல்ட்டைக் குறை சொல்வதற்கு முன் அந்த மனிதரைப் பாருங்கள்.

அதற்கப்புறம் எல்லா ஃபில்டரையும் தூக்கிப்போட்டுவிட்டு, பன்னிரண்டு பேரின் பதிவுகளையும் மணிவாரியாகப் பிரித்து வைத்து உட்கார்ந்தேன். நோட்டில் கோடு போட்டதும் பளிச்சென்று தெரிந்தது. காலை பத்தரையிலிருந்து ஒரு மணி வரை கொழுந்து பறிக்கும் பெண்களின் பதிவு பிரமாதம். ராத்திரியிலும் விடியற்காலையிலும் மோசம். வீட்டிலேயே இருக்கும் பெரியவர்களுக்கு நாள் முழுக்கச் சுமார். வெயில் ஏறி, சரிவில் ஏறி இறங்கி, முதுகில் மூட்டை கனத்து உடம்பு வேர்க்கும் நேரம்தான் அந்தப் பத்தரையிலிருந்து ஒரு மணி. ஏப்ரல் மாத லேபும் முதுகில் ஒட்டிய சுடிதாரும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. உலர்ந்த துணி எலக்ட்ரோடு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஒருநாளும் உலர்ந்து வேலை செய்ததே இல்லை. உப்பு கலந்த வேர்வைதான் எனக்கு இலவசமாகக் கிடைத்த ஜெல். ஈசிஜியை உருவாக்கி 1924-ல் நோபல் பரிசு வாங்கிய ஐந்தோவன், கைகளையும் காலையும் உப்புத் தண்ணீர் வாளிக்குள் விடச்சொல்லித்தான் பதிவு செய்தார். அந்தப் படத்தைப் பரீட்சைக்கு வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியவள் நான்.

அப்புறம் நடந்தது எளிது. வெறும் தண்ணீரில் நனைத்துக் கட்டினால் கோடு உடனே தெளிந்தது, ஆனால் காய்ந்த காற்றில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. உப்புத் தண்ணீர் இன்னும் நன்றாக வேலை செய்தது, ஆனால் காய்ந்ததும் உப்பு பூத்துத் தோலை அறுத்தது, பிரஸ் பட்டன் பச்சை பிடித்தது. கடைசியில் கைகொடுத்தது ரெயின்கோட் துணி. எலக்ட்ரோடின் பின்பக்கம், தோலில் படாத பக்கத்தில், அதை ஒரு துண்டு வைத்துத் தைத்தேன். தோலிலிருந்து தானாகக் கசியும் ஈரம் வெளியே போகாமல் உள்ளேயே நின்றது. கட்டும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருமுறை தொட்டுக் கட்டினால் ராத்திரி முழுக்கத் தாங்குகிறது. சுவிட்சர்லாந்தில் எம்பா என்ற ஆய்வகம், பெல்ட்டுக்குள்ளேயே சின்ன நீர்த்தேக்கம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் கொடுக்கும்படி செய்து பல வருடம் முன்பே கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படித்தது மார்ச்சில். ஊருக்கு வருவதற்கு முன் படித்திருக்க வேண்டியது. குளிரூர்க்காரர்கள் இந்தச் சிக்கலை எனக்கு முன்னாலேயே பார்க்காமல் இருப்பார்களா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தேடியிருப்பேன்.

சில்லறை விஷயங்களும் உண்டு. பதிவை போனுக்கு ப்ளூடூத்தில் அனுப்பலாம் என்று நம்பாதீர்கள். போன் வீட்டு அலமாரியில் இருக்கும், ஆள் தோட்டத்தில் இருப்பார். பெட்டிக்குள்ளேயே மெமரி கார்டு இருக்கட்டும். பெட்டியின் கடிகாரமும் ஹோல்ட்டரின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. குளிரில் இன்னும் விலகும், நாளுக்கு ஒன்றிரண்டு விநாடி என்றாலும் துடிப்போடு துடிப்பை ஒப்பிட அது போதும் கெடுப்பதற்கு. காலையிலும் மாலையிலும் மூன்று தடவை குதிக்கச் சொன்னோம், முழங்கால் வலிக்காரர்களை இரண்டு பெட்டியையும் சேர்த்து மூன்று தட்டுத் தட்டச் சொன்னோம். இரண்டு பதிவிலும் அந்த மூன்று முள் விழும், அதை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம். ஒரு பாட்டிக்குப் பட்டன் பட்ட இடத்தில் மட்டும் வட்டமாகச் சிவந்து அரித்தது. பட்டனில் இருந்த நிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர், உள்பக்கம் பருத்தித் துணி ஒட்டியதும் அடங்கியது. படபடப்பு வந்த நேரத்தை எழுதச் சொல்லி டைரி கொடுத்தேன், ஒருவரும் எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொன்னதும் கொட்டியது. "பாப்பா, இப்பதான் படக்குனு அடிச்சுது, மணி பதினொண்ணே கால், மேட்டுல ஏறிக்கிட்டிருந்தேன்" என்று மூச்சிரைக்க வரும் குரலைவிட நல்ல டைரி எனக்குக் கிடைத்ததில்லை.

மாமாவுக்கு இப்போது மாத்திரை ஒத்துக்கொண்டிருக்கிறது. அந்த அக்கா மறுபடி பெல்ட் கட்ட வரவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மாவின் படபடப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ரெயின்கோட் துணி தைத்த பெல்ட்டை ஏழு வாரமாகக் கட்டுகிறார். ராத்திரி டீக்கு வைத்த சுடுதண்ணீரில் கொஞ்சம் விளாவி, எலக்ட்ரோடைத் தொட்டுக் கட்டிக்கொள்கிறார். பதிவு அருமையாக வருகிறது, ஆனால் அந்தத் துடிப்பு வரவே இல்லை. போன வாரம் ஊருக்குப் போனபோது, ஒன்றும் சிக்கவில்லையே அம்மா, வேண்டுமானால் கழற்றிவிடு என்றேன். அம்மா பெல்ட்டைச் சரிசெய்துகொண்டே, "இதுக்குப் பயந்துக்கிட்டு அது வராம இருக்குதோ என்னமோ. இருக்கட்டும் விடு" என்றார்.